டியூஷன் எங்கே பலிக்கிறது?

யாழ்ப்பாணத்து டியூட்டரிகளிலும் சென்னையின் மாலை வகுப்புகளிலும் கணக்குப் படித்த தலைமுறை, இன்று சிட்னியிலும் மெல்பர்னிலும் தன் பிள்ளைகளையும் டியூஷனுக்கு அனுப்புகிறது. அதைப் பழக்கதோஷம் என்று தள்ளிவிட முடியாது. 96 பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான ஓர் அறிக்கை, தனிப் பயிற்சி மாணவரின் கற்றலைக் கணிசமாக உயர்த்துகிறது என்றே காட்டியது. கணிதத்தில் இதற்குக் காரணம் தெளிவு. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியாமல் போனால் எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் இடறும். விகிதம் பிடிபடாதவருக்கு அறிவியலில் அடர்த்தியும் வேகமும் வெறும் சூத்திரங்கள்தான். இருபத்தைந்து பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியர் ஒரே ஒரு பிள்ளைக்காக மூன்று வருடம் பின்னால் போக முடியாது. தனி ஆசிரியரால் முடியும். டியூஷனின் முழு மதிப்பும் அந்த விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

அதைச் செய்யாத டியூஷன் என்ன ஆகும் என்பதற்கு விக்டோரியாவே சாட்சி. கொரோனா முடக்கத்துக்குப் பின் பின்தங்கிய மாணவருக்காக அந்த மாநில அரசு 25 கோடி டாலர் ஒதுக்கி, ஆயிரக்கணக்கான பயிற்சியாளர்களை 2021 முதல் பள்ளிகளில் அமர்த்தியது. பயிற்சி பெற்றவர்கள், அதே நிலையில் இருந்து பயிற்சி பெறாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறவில்லை என்று மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2024-இல் அறிவித்தார். பல பள்ளிகளில் வகுப்புகள் சரியாக நடத்தப்படவில்லை என்பதும் அதே அறிக்கையில் உண்டு. பணமும் ஆளும் இருந்தும் இப்படி. தனியார் டியூஷனிலும் நம் பெற்றோர் செலவழிப்பதில் ஒரு பெரும் பங்கு வேறொன்றுக்குப் போகிறது: ஜேம்ஸ் ரூஸ், பாக்கம் ஹில்ஸ், மெல்பர்ன் ஹை, நோசல் போன்ற தேர்வுவழிப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்கு மாதிரித் தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுவது. இடங்கள் எண்ணிக்கையில் கட்டுப்பட்டவை. ஒரு பிள்ளை முந்தினால் இன்னொன்று பிந்தும். மாதிரித் தாள்களால் வேகம் கூடலாம், பின்னத்தில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

காசுள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கும் உதவி அநியாயமில்லையா என்ற ஆட்சேபம் நியாயமானது. தரமான சிறுகுழுப் பயிற்சியைப் பள்ளிக்குள்ளேயே நிலைபெறச் செய்ய வேண்டும் என்று ஆஸ்திரேலியக் கொள்கை ஆய்வு அமைப்பான கிராட்டன் நிறுவனம் 2023-இல் வலியுறுத்தியது; மேலே சொன்ன 96 ஆய்வுகளிலும் பள்ளி நேரத்தில் நடந்த பயிற்சியே பள்ளி முடிந்தபின் நடந்ததைவிட அதிகப் பலன் தந்தது. அரசு அதைச் செய்யட்டும். ஆனால் இப்போது எட்டாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. டியூஷன் பிள்ளையைச் சார்ந்திருக்கப் பழக்கிவிடும் என்ற அச்சத்துக்கும் இடமுண்டு, குறிப்பாக வீட்டுப்பாடத்தை ஆசிரியரே போட்டுக்கொடுக்கும் இடங்களில். ஆகவே கட்டணம் கட்டுமுன், முதல் வாரத்தில் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று சோதிப்பீர்களா, ஒரு குழுவில் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் டியூஷன் போதும் என்பீர்கள் என்று பெற்றோர் கேட்கலாம். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.