சூது ஒரு தொழிலா?

சூதாட்டத்தை ஒழுக்கத்தின் பேரால் பழிப்பதை விட்டுவிட்டு, அதையும் பிழைப்புக்கான வழிகளில் ஒன்றாக ஒப்புக்கொள்ளும் பக்குவம் நமக்கு வரவேண்டும் என்றொரு வாதம் படித்தவர்களிடையே புழங்கத் தொடங்கியிருக்கிறது. ரம்மியும் போக்கரும் மூளைக்குரிய ஆட்டங்கள். திறமை உள்ளவன் அதில் சம்பாதித்தால் யாருக்கு என்ன நட்டம்? விவசாயம், வியாபாரம், பங்குச்சந்தை எல்லாமே ஒருவகையில் சூதுதானே? தருமன் ஆடவில்லையா, நளன் ஆடவில்லையா, தஸ்தயேவ்ஸ்கி ஆடவில்லையா? இந்த மூன்று கேள்விகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆடாதவர்கள் என்பது வேறு விஷயம்.

அவர்கள் விரும்புகிறபடியே ஒழுக்கத்தை ஓரமாக வைத்துவிடுவோம். வள்ளுவரே அப்படித்தான் செய்தார். சூது என்னும் 94ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. ஒன்று வரும்போது நூறு போகிறவர்களுக்கு நன்றாக வாழ்வதற்கு ஒரு வழி உண்டா என்றுதான் அதில் அவர் கேட்கிறார். அது பாவபுண்ணியக் கேள்வி அல்ல, வரவுசெலவுக் கேள்வி. அந்தக் கணக்கையே நாமும் பார்ப்போம்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்று நம்பர் லாட்டரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தமிழக அரசு 1968இல் தானே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளுக்கும் மாநிலத்தில் தடை வந்தது. அதன் பிறகு வெளிமாநிலக் குலுக்கல் முடிவுகளின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்துக் கள்ளத்தனமாக நடப்பதே மூன்று நம்பர். 000 முதல் 999 வரை மொத்தம் ஆயிரம் எண்கள். எண்ணுக்குப் பத்து ரூபாய், விழுந்தால் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்களும் விற்றால் நடத்துபவர் கைக்கு வருவது பத்தாயிரம், கொடுப்பது ஐயாயிரம். நாளுக்கு ஒரு சீட்டு வாங்குபவர் ஆயிரம் நாள், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டு, விடாமல் வாங்கினாலும் சராசரியில் போட்டதில் பாதிதான் திரும்பும். சராசரி என்பதும் ஆறுதலுக்கான சொல்லே. கணக்கின்படி அவ்வாறு வாங்குபவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேருக்கு அந்த ஆயிரம் நாளில் ஒருமுறைகூட விழாது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத்தொழில் செய்துவந்த ஒருவரின் குடும்பம், மூன்று குழந்தைகள் உட்பட ஐந்து பேர், இந்த லாட்டரியால் வந்த கடனில் அழிந்தது. மாநிலத்தையே உலுக்கிய செய்தி அது. அப்போது பேசியவர்கள் எல்லோரும் கடனைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த மனிதர் கையில் ஒரு தொழில் இருந்தது. கண்ணும் கையும் ஒன்றி ஆண்டுக்கணக்கில் பழகினாலன்றி வராத தொழில் அது. அதைச் செய்துகொண்டிருந்தவரிடம், இதைவிட எளிதாகச் சம்பாதிக்க ஒரு வழி இருக்கிறது என்று யாரோ நம்பவைத்திருக்கிறார்கள். சூதைப் ‘பிழைப்பு’ என்று சொல்கிற எவரும் அந்த நம்பிக்கைக்குத்தான் வலுச் சேர்க்கிறார் என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுத வேண்டியிருக்கிறது.

‘லாட்டரி வெறும் அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல, அது திறமை’ என்பார்கள். உண்மைதான். ரம்மியில் திறமைக்கே முதலிடம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொன்னது. குதிரைப் பந்தயத்தைப் பற்றி 1996இல் அதையே சொன்னது. தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டு என்பதிலிருந்து, அந்த ஆட்டத்தால் குடும்பம் நடத்தலாம் என்பது எப்படிப் பெறப்படும்?

ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். மேசையில் அறுநூறு. நடத்தும் நிறுவனம் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வென்றவருக்குப் போவது ஐந்நூற்று நாற்பது. ஆறு பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் பத்து ஆட்டத்தின் முடிவில் ஆளுக்கு நூறு ரூபாய் குறைந்திருக்கும். அறுநூறு ரூபாய் நிறுவனத்திடம் சேர்ந்திருக்கும். ஆறு பேரும் மேதைகளாக இருந்தாலும் இதுதான் கணக்கு. அந்த மேசையில் ஒருவர் பிழைக்க வேண்டுமானால் மற்ற ஐவரும் அவரைவிடத் திறமை குறைந்தவர்களாகவும், தோற்றுத் தோற்றும் திரும்பி வருகிறவர்களாகவும் இருந்தாக வேண்டும். கொல்லரின் திறமை வளர்ந்தால் ஊருக்கு நல்ல கொழு கிடைக்கும். சூதாடியின் திறமை வளர்ந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்?

வெல்கிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப், பிளாக்ஜாக் சீட்டாட்டத்தைக் கணக்குப் போட்டு வெல்லலாம் என்று நிறுவி 1962இல் புத்தகமே எழுதினார். சூதாட்ட விடுதிகள் என்ன செய்தன? அப்படி எண்ணி ஆடுகிறவர்களை விலக்கின. சில விடுதிகள் ஆட்ட விதிகளையே மாற்றிப் பார்த்தன. தார்ப் பின்னாளில் முதலீட்டு நிதி நடத்தப் போய்விட்டார். தோற்கும்வரை வரவேற்று, வெல்லத் தொடங்கியதும் வாசலைக் காட்டும் இடத்துக்குத் தொழிற்கூடம் என்று பெயர் வைக்க முடியுமா?

இதை என் வாய்ச்சொல்லாகக் கொள்ள வேண்டியதில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2020 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகளில், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை வருமான வாய்ப்பாகவோ மாற்று வேலையாகவோ காட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. விளம்பரம் செய்பவனே சொல்லக் கூடாத ஒன்றை, எந்தக் கூலியும் வாங்காமல் நம் அறிவுஜீவிகள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது, இத்துறையின் சங்கங்கள் நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதின. நானூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மூடப்படும், 2 லட்சம் வேலைகள் போகும் என்றன. அந்த 2 லட்சம் பேர் யார்? நிறுவனங்களை நம்பிச் சம்பளத்துக்கு உழைப்பவர்கள். அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் வேலை என்ற பேச்சு வந்தபோது ஆடுபவர்களை அந்தச் சங்கங்கள்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி, எல்லாமே சூது என்ற வாதம். பங்குச்சந்தையிலேயே சூதுக்கு மிக நெருங்கிய பகுதி எதிர்கால ஒப்பந்தங்களும் விருப்ப ஒப்பந்தங்களும். அங்கே கணக்கு எழுத்தில் இருப்பதால் செபி அதை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்திருக்கிறார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு போக ஒரு லட்சத்துக்கு மேல் ஈட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர். நூற்றில் ஒருவருக்கு மட்டும் கூலி கிடைக்கும் வேலைக்கு யாராவது தம் பிள்ளையை அனுப்புவார்களா?

விவசாயத்தைச் சூது என்பவர்கள் ஒலக்கூர்ப் பக்கம் வந்து ஒரு மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் நின்று அதைச் சொல்ல வேண்டும். மழை ஏமாற்றலாம், பூச்சி விழலாம், விலை சரியலாம். இவை அபாயங்கள், யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அபாயம் வேறு, சூது வேறு. என் கொல்லையில் காய் பிடித்தால் பக்கத்துக் கொல்லைச் செடி தன் காயை இழப்பதில்லை. இரண்டு கொல்லையும் ஒரே ஆண்டில் விளையலாம். விளையாத ஆண்டிலும் நிலம் மறுநாள் காலையில் அங்கேதான் கிடக்கும். கொடி மாட்டுக்காவது ஆகும். எந்தப் பட்டத்தில் என்ன செய்யக் கூடாது என்ற அறிவு மிஞ்சும். மூன்று நம்பரில் தோற்றவனுக்கு என்ன மிஞ்சுகிறது? நேற்று விழாத எண் இன்று விழும் என்ற எண்ணம். அது அறிவு அல்ல. குலுக்கலுக்கு நேற்றின் நினைவு கிடையாது.

கடைசியாக இலக்கியச் சான்று. எனக்கு இதில்தான் கூடுதல் எரிச்சல். செஞ்சி, திண்டிவனம், ஒலக்கூர் என்று விரியும் இந்த நிலப்பரப்பு திரௌபதி அம்மன் வழிபாட்டின் நிலம். பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்து ஆடுவதும் இங்கே தலைமுறைகளாக நடந்துவருகின்றன. பகடையும் துகிலுரிதலும் பார்த்து வளர்ந்த எந்தக் கிழவியும் தருமனைச் சூதுக்குச் சான்றாகக் காட்டமாட்டாள். முதல் ஆட்டத்தில் இழந்ததெல்லாம் பாஞ்சாலி பெற்ற வரத்தால் திரும்பக் கிடைத்தது. மறுபடியும் அழைத்தார்கள், மறுபடியும் போய் உட்கார்ந்தான், காடு கிடைத்தது. ‘விட்டதைப் பிடித்துவிட்டு எழுந்துவிடுவேன்’ என்பவனுக்குப் பாரதம் சொல்லும் பதில் இது.

சூதையே வேலையாகக் கொண்ட தருமனும் பாரதத்தில் உண்டு. விராடனின் அவையில் கங்கன் என்ற பெயரில் அவன் பகடைத் துணைவனாக இருக்கிறான். அதற்கு முன்பே காட்டில் பிருகதசுவ முனிவரிடம் பகடையின் நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்தவன் அவன். அந்தத் தேர்ச்சியோடு அவன் போய்ச் சேர்ந்தது அரசனிடம் உண்ணும் ஊழியத்தில். ஆடி வென்ற பொருளை நம்பி அல்ல. அந்த ஊழியத்தின் முடிவும் தெரிந்ததே. பிருகந்நளையைப் புகழ்ந்ததற்காக விராடன் கோபத்தில் பகடையாலேயே அவன் முகத்தில் அடிக்கிறான், இரத்தம் வழிகிறது. நளனும் அப்படித்தான். நாடிழந்த பிறகு வாகுகனாக அவன் பிழைத்தது தேரோட்டியும் சமைத்தும். பகடையின் இரகசியம் கைவந்தபோதும் அதை அவன் நாட்டை மீட்கப் பயன்படுத்தினானே தவிர வயிறு கழுவப் பயன்படுத்தவில்லை.

தஸ்தயேவ்ஸ்கி ரூலெட்டில் ஆண்டுக்கணக்கில் தோற்றார். 1866இல் குறித்த நாளுக்குள் ஒரு நாவல் தராவிட்டால் தம் படைப்புகளின் உரிமையையே ஒன்பது ஆண்டுகளுக்குப் பதிப்பாளரிடம் இழக்க வேண்டிய நெருக்கடி. 26 நாட்களில் ‘சூதாடி’யைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். 1871இல் சூதாட்டத்தையே விட்டார். அவரைக் காப்பாற்றியது சூது அல்ல, சூதைப் பற்றி எழுதிய எழுத்து. அவருடைய தொழில் அதுதான்.

ஆக, சூதில் பிழைப்பவர்களே இல்லையா? நிச்சயம் இருக்கிறார்கள். 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம் வெளியிட்ட தேர்தல் பத்திரக் கணக்கில் எல்லோரையும் விட அதிகமாக, 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம்: ஃப்யூச்சர் கேமிங். சட்டப்படி நடக்கும் வியாபாரம்தான். குற்றம் சொல்ல இதைக் கூறவில்லை. சூதில் வருமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். சீட்டை விற்பவருக்கு அது பிழைப்பு. வாங்குபவருக்கு அது செலவு.

சட்டங்கள் வரும், வழக்குகள் நடக்கும், தடைகள் வரும், தடையை மீறிய புது வழிகளும் வரும். 2003ஐயும் 2019ஐயும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே அது புரியும். தடை போதுமா என்பது தனி விவாதம். மொழியில் உழல்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழில் என்ற சொல்லுக்குள் உழைப்பும் விளைவும் இருக்கின்றன; நெசவும் உழவும் தச்சும் சேர்த்துவைத்த மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையைச் சூதுக்கு இரவல் கொடுக்காமல் இருக்கலாம். வேலை கிடைக்காமல் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம், இதுவும் ஒரு தொழில்தான் என்று படித்தவன் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு, அவன் வீட்டார் எத்தனை ஆண்டு வட்டி கட்ட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.