மெனு மேலயா, இடப்பக்கமா?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஏரி நீர்மட்டம் அளக்கிற சென்சார். கோட் எழுதின நாலு பேரும் மே மாசம் கிளம்பிடுவோம். அப்புறம் போர்டு மக்கர் பண்ணினா ஜூனியர்ஸுக்கு மிஞ்சறது எங்க டாக்குமெண்டேஷன் சைட் மட்டும்தான். அதனால மெனுவை எங்க வைக்கிறதுன்னு ரெண்டு வாரமா நடக்கிற சண்டை எனக்குச் சின்ன விஷயமா தெரியல.

எதிர்க்கட்சிக்கு மேல டேப் வேணும். பார்க்க நீட்டா இருக்குமாம். நான் இடப்பக்க சைடுபார் கட்சி.

டாக்ஸை முகப்பிலிருந்து படிக்கிறவங்க ரொம்பக் குறைவு. எரர் மெசேஜை அப்படியே கூகுள்ல போட்டு, நேரா ஏதோ ஒரு நடுப்பக்கத்துல வந்து விழறவங்கதான் அதிகம். மாமல்லபுரத்துல ஒருத்தர் அர்ச்சுனன் தபசு முன்னாடி நிக்கிறார்னு வெச்சுக்கோங்க. ஐந்து ரதம் தெற்கே, கடற்கரைக் கோயில் கிழக்கே. ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’னு ஒரு மேப் இருந்தா போதும், மீதியை அவரே பார்த்துப்பார். சைடுபார் அந்த மேப் வேலையைச் செய்யுது: இப்போ படிக்கிற பக்கத்துக்கு மேல என்ன, கீழ என்னன்னு காட்டுது. டேப் எந்த அத்தியாயம்னு மட்டும் சொல்லும். அதோட நம்ம மெனு தமிழ்ல. ‘அமைவுகளை மாற்றுதல்’ மாதிரி அஞ்சு தலைப்பைக் குறுக்கால அடுக்கினா லேப்டாப்லயே இடிக்கும்.

“ஃபோன்ல சைடுபார் மூணு கோட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குமே?” நியாயமான கேள்வி; செங்கல்பட்டு லோக்கல்ல தொங்கிக்கிட்டே படிக்கிறவங்கதானே நாம. ஆனா நாங்க வெச்சிருக்கிற எம்கேடாக்ஸ் மெட்டீரியல்ல திரை அகலம் 1220 பிக்சலுக்கு மேல இருந்தாதான் டேப் தெரியும். அதுக்குக் கீழ டேப்பும் அதே மூணு கோட்டுக்குள்ளதான் போகுது. ஃபோன்ல உண்மையா கைகொடுக்கிறது பக்கத்தின் அடியில இருக்கிற ‘முந்தையது / அடுத்தது’ பட்டன்தான்.

நூத்துக்கணக்குல பக்கம், நாலஞ்சு தனி ப்ராடக்ட்னு இருந்தா டேப்புக்கு நானே ஓட்டுப் போடுவேன். எங்களுக்கு மொத்தமே 34 பக்கம்.

இதைவிட எனக்குக் கவலை, மெனுவுக்குள்ள என்ன எழுதறோம்ங்கிறது. இப்போ ‘சென்சார் மாட்யூல்’, ‘க்ளவுட் மாட்யூல்’னு இருக்கு. அது நாங்க வேலையைப் பிரிச்சுக்கிட்ட கணக்கு. ஜூனியருக்கு அது எதுக்கு? ஜாங்கோ டாக்ஸைப் பாருங்க: கத்துக்க, விளங்கிக்க, ஒரு வேலையைச் செஞ்சு முடிக்க, விவரம் தேடன்னு படிக்கிறவர் தேவையை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. டானியேல் புரோச்சிடாவோட டையாடாக்சிஸ் முறையும் கிட்டத்தட்ட இதே நாலுதான். எங்க 34 பக்கத்துக்கு மூணு போதும்: முதல்ல ஓட வைக்க, கெட்டுப்போனா சரிபண்ண, முழு விவரம். ரெண்டு அடுக்குக்கு மேல உள்ளே போகவே வேணாம்.

வெள்ளிக்கிழமை செகண்ட் இயர் பசங்க ரெண்டு பேர்கிட்ட லேப்டாப்பைக் கொடுத்து, பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சா என்ன பண்ணணும்னு தேடச் சொல்லப் போறோம். ஒருத்தருக்கு டேப், ஒருத்தருக்கு சைடுபார். எத்தனை க்ளிக்னு எண்ணுவோம். டேப் ஜெயிச்சா டேப்பே இருக்கட்டும். மாட்யூல் பேர் மட்டும் மெனுவுல வரக்கூடாது, அதுல நான் இறங்கி வர்றதா இல்ல.