பழைய இயங்குதளமும் மூல நிரலும்

ஆய்வுக்கூடங்களிலும் கள நிலையங்களிலும் கல்லூரிகளிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகளைப் பற்றி இருவேறு அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ஆதரவுக் காலம் முடிந்துபோன இயங்குதளத்தை உடனே களைந்தெறிய வேண்டும் என்பர் சிலர். ஓடுகின்ற யந்திரத்தை ஏன் தொட வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அக்கணினியின் முன் நாள்தோறும் அமர்ந்து பணி செய்யும் ஊழியருக்கு இவ்விரண்டு உபதேசங்களாலும் பயன் விளைவதில்லை. அவருடைய கணினியோடு அளவீட்டுக் கருவி ஒன்று பிணைக்கப்பட்டிருக்கிறது. அக்கருவியை இயக்கும் நிரல் பழைய கெர்னலுக்கென்றே எழுதப்பட்டது. அதிலிருந்து வரும் அளவீடுகளைப் பகுத்தாராயும் புதிய மென்பொருளோ, அந்தக் கணினியில் அடியெடுத்து வைக்க மறுக்கிறது. இயங்குதளத்தை மாற்றினால் கருவி நின்றுவிடும். மாற்றாவிடில் ஆராய்ச்சி நின்றுவிடும்.

இந்த இக்கட்டிலிருந்து மீள வழியொன்று உண்டு. திறமூல மென்பொருளாயின், அதன் மூல நிரலைப் பெற்று அந்தப் பழைய கணினியிலேயே தொகுத்துக்கொள்ளலாம். இவ்வழியைச் சிலர் வீண் வேலை என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் சகல ரோக நிவாரணி எனக் கொண்டாடுகின்றனர். இரண்டும் பிழையே.

சென்ட்ஓஎஸ் 7 என்னும் இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். 2014 ஜூலையில் வெளிவந்த இது, விஞ்ஞானக் கணக்கீடுகளுக்காகப் பல நாடுகளிலும் மிகுதியாகப் பயன்பட்டது. இதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிவுற்றது. அதன்பின் மென்பொருட் பொதிகளின் இருப்பிடங்களைக் காட்டும் பட்டியலும் நிறுத்தப்பட்டது. பொதிகள் பழஞ்சேமிப்பகத்துக்கு மாற்றப்பட்டன. ஆகவே, நேற்றுவரை கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்த ‘யம்’ கட்டளை, இன்று முகவரி தெரியாமல் திகைத்து நிற்கிறது. முகவரிக் கோப்பைத் திருத்தினால் பழைய பொதிகள் கிடைக்கும், புதியவை கிடைக்கமாட்டா.

புதிய பொதியை வேறிடத்திலிருந்து கொணர்ந்து நிறுவினால் என்ன? இங்கேதான் பலரும் முதன்முதலில் இடறுகின்றனர். லினக்ஸ் இயங்குதளத்தில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் ‘ஜிலிப்சி’ என்னும் அடிப்படை நூலகத்தின்மீது நிற்கின்றன. சென்ட்ஓஎஸ் 7இல் உள்ளது அதன் 2.17ஆம் பதிப்பு. 2.28ஆம் பதிப்பின்மீது தொகுக்கப்பட்ட நிரலொன்று, தனக்கு வேண்டிய செயற்கூறுகளை அவற்றின் பதிப்பெண்ணோடு கேட்கிறது; அந்த எண் இல்லையெனின் ஓட மறுக்கிறது. நிரலில் பிழையில்லை, கணினியிலும் பிழையில்லை. ஆக்கிய சோற்றை மீண்டும் அரிசியாக்க இயலாது என்பதே இங்குள்ள சங்கடம். மூல நிரல் என்பது அரிசி. அதை எந்த வீட்டு அடுப்பிலும் ஆக்கிக்கொள்ளலாம். பழைய கணினியில் தொகுக்கும்போது, நிரல் அங்குள்ள 2.17ஆம் பதிப்போடு தன்னைப் பிணைத்துக்கொண்டு எளிதில் ஓடுகிறது.

இதன் மறுபக்கம் பலர் அறியாதது. பழைய ஜிலிப்சியோடு தொகுக்கப்பட்ட நிரல் பொதுவாகப் புதிய ஜிலிப்சியிலும் ஓடும். பைத்தான் மொழியின் விரிவுப் பொதிகளைப் பலவகை லினக்ஸ்களுக்கும் பொதுவாக வழங்க வகுக்கப்பட்ட ‘மெனிலினக்ஸ்2014’ என்னும் நியமம், இதே சென்ட்ஓஎஸ் 7ஐ அடித்தளமாகக் கொண்டது. பழமை இங்கே குறையாக அன்றி, எல்லோருக்கும் எட்டக்கூடிய கீழ்ப்படியாக அமைந்தது.

அடுத்த தடை கம்பைலர். சென்ட்ஓஎஸ் 7 தரும் ஜிசிசி 4.8.5, சி மொழியின் 1990ஆம் ஆண்டு நியமத்தையே இயல்பாகக் கொள்வது. ‘ஃபார்’ வளையத்தின் உள்ளேயே மாறியை அறிவிக்கும் இன்றைய பழக்கத்தைக் கண்டால் அது பிழை எனக் கூறி நின்றுவிடும். பயில்வோர் பலர் இவ்விடத்தில் மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். 1999ஆம் ஆண்டு நியமத்தைக் கொள்ளுமாறு ஒரே ஒரு விருப்பக்குறியைச் சேர்த்தால் போதும், வேலை நடக்கும். ஜிசிசியின் 5ஆம் பதிப்பு முதல் இந்த இயல்பு மாறிவிட்டதாலேயே, இன்று நிரல் எழுதுவோர் அவ்விருப்பக்குறியைக் குறிப்பிட மறந்துவிடுகின்றனர். ஆனால் எல்லாத் தடைகளும் இத்தனை எளியவை அல்ல. அணுநிலைச் செயல்களுக்கான தலைப்புக் கோப்பு ஜிசிசி 4.9இல்தான் சேர்க்கப்பட்டது, அதைக் கேட்கும் நிரலுக்கு 4.8 என்ன செய்தாலும் போதாது.

அப்போது கம்பைலரையே மூல நிரலிலிருந்து ஆக்க வேண்டும். உபாத்தியாயர்கள் மாணவர்முன் செய்து காட்டத்தக்க மிகச் சிறந்த பாடங்களுள் இதுவும் ஒன்று. பழைய கம்பைலர் புதியதைத் தொகுக்கிறது. அவ்வாறு பிறந்த கம்பைலர் தன்னுடைய மூல நிரலைத் தானே மீண்டும் தொகுக்கிறது. அதிலிருந்து பிறந்தது மறுபடியும் ஒருமுறை தொகுக்கிறது. பின்னர் இரண்டாம் பிறப்பும் மூன்றாம் பிறப்பும் ஒப்பிடப்படுகின்றன; வேறுபாடு இருப்பின் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்று பொருள். ஜிசிசி 11ஐ இவ்வாறு ஆக்க சி++ மொழியின் 2011ஆம் ஆண்டு நியமம் அறிந்த கம்பைலர் தேவை, அதற்கு 4.8.5 போதுமானது. இன்னும் பழைய சென்ட்ஓஎஸ் 6இல் உள்ள 4.4.7க்கு அத்தகுதி இல்லை. இடையில் ஒரு படி வைத்தே ஏற வேண்டும். பழைய யந்திரத்தில் இவ்வேலை மணிக்கணக்கில் நீளும். நினைவகம் குறைவாயின், ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்கச் சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்வது நலம்.

பைத்தானைத் தொகுப்பதிலோ வேறொரு கண்ணி உள்ளது. 3.10ஆம் பதிப்பு முதல் அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். சென்ட்ஓஎஸ் 7 தருவது 1.0.2. இப்பற்றாக்குறையால் தொகுப்பு வேலை நிற்பதில்லை. ஓடிக்கொண்டே போகும் நூற்றுக்கணக்கான வரிகளினிடையே, இன்ன கூறுகள் ஆக்கப்படவில்லை என்று ஓரிரு வரிகள் தோன்றி மறைகின்றன. நிறுவலும் இனிதே முடிகிறது. சில நாட்கள் கழித்து வலையிலிருந்து எதையேனும் பெற முயலும்போதுதான், பாதுகாப்பான இணைப்பே இல்லாத பைத்தான் அது என்பது வெளிப்படும். வேலை முடிந்தது என்னும் செய்தியை, வேலை முழுமையாயிற்று என்று கொள்ளும் பழக்கம் கணினித் துறையில் மட்டும் உள்ளதன்று. முதலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தனியிடத்தில் ஆக்கி, அவ்விடத்தைப் பைத்தானுக்குச் சுட்டிக்காட்டிய பின்னரே இத்தொகுப்பைத் தொடங்க வேண்டும்.

தனியிடம் என்பதை எத்துணை வற்புறுத்தினும் தகும். புதிய ஜிலிப்சியைப் பழையதன் இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் தீரும் எனக் கருதி அவ்வாறு செய்வோர் உண்டு. அடுத்த நொடியே, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட ஓடாது. பிழையைத் திருத்துவதற்கான கட்டளைகளும் அதே நூலகத்தின்மீதே நிற்பதால் அவையும் உடன் வீழ்கின்றன. கருவியோடு பிணைக்கப்பட்ட கணினியில் இவ்வாறு நேர்ந்தால், ஒரு பருவத்தின் அளவீடுகளே தடைப்படலாம். பைத்தான் கட்டளையின் பெயரைப் புதிய பதிப்புக்குத் திருப்புவதும் இத்தகையதே. அதன்மீது எழுதப்பட்ட ‘யம்’ அக்கணமே முடங்கும். புதியவை யாவும் தமக்கென ஒதுக்கப்பட்ட அடைவில் இருக்கட்டும். பழைய வீட்டின் அடித்தளத்தை அசைக்காமல், பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்வது போன்றது இது.

மூல நிரலிலிருந்து ஆக்கியது ஆதலால் அது பாதுகாப்பானது என்னும் நம்பிக்கையும் பரவியுள்ளது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்திய செய்தி இதனைக் குலைக்கப் போதுமானது. ‘எக்ஸ்ஸெட்’ என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள், யாவரும் பார்வையிடும் மூலச் சேமிப்பகத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டப்பட்ட மூலப் பொதியில், தொகுப்பை வழிநடத்தும் கோப்பினுள்ளேதான் இருந்தன. மூல நிரலைப் படித்தவர்களின் கண்ணுக்கும் அது எளிதில் படவில்லை. மிகப் பழைய பதிப்பையே வைத்திருந்த இயங்குதளங்களுக்கு இத்தீங்கு எட்டவில்லை என்பது வேடிக்கையான உண்மை. அதனால் பழமையே பாதுகாப்பு என்றாகிவிடாது. பழையவற்றில் ஊரறிந்த ஓட்டைகள் வேறு பல உள்ளன.

இதனினும் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. பொதியாக நிறுவிய மென்பொருளில் பிழை காணப்பட்டால், திருத்தத்தை அனுப்புவோர் ஒருவர் இருந்தார். மூல நிரலிலிருந்து ஆக்கிக்கொண்டவருக்கு அப்படி ஒருவர் இல்லை; அவரே தமக்குப் பராமரிப்பாளர். தனியிடத்தில் ஆக்கப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது. அதை ஆக்கியவர் இதனை அறிந்திருக்கிறாரா என்று கேட்பவர் யார்? ஆதலால் இத்தகைய கணினியைப் பொது வலையிலிருந்து பிரித்துவைப்பதே முறை. மூலப் பொதியை வேறொரு கணினியில் பெற்று, அதன் சரிபார்ப்புத் தொகையை வெளியீட்டாளர் அறிவித்த தொகையோடு ஒப்பிட்டு, பின்னர் எடுத்துச்செல்லலாம். பழைய கணினியில் நேராகப் பெற முயல்வது பெரும்பாலும் நடவாததே. 2018 முதல் கிட்ஹப் பழைய மறையாக்க முறைகளை ஏற்பதில்லை. 2021 செப்டம்பர் 30 அன்று வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்ட கணினிகள் பல, நம்பத்தக்க தளங்களையே நம்ப மறுத்தன.

இந்திய அரசு 2015இல் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் அதற்கு முன்னரே வழக்கில் இருந்தது. கேரளத்துப் பள்ளிகளில் மாணவர் கட்டற்ற மென்பொருளிலேயே பயில்கின்றனர். இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் மூல நிரலைப் பெறும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. கள நிலையத்தில் பணிபுரியும் ஒருவர் அந்த உரிமையைப் பயன்படுத்த வல்லவராயிருப்பது வேறு. கருவிகளை வாங்கும்போது, அவற்றை இயக்கும் நிரலின் மூலத்தையும் உடன் கேட்டுப் பெறாத வரையில், கெர்னலை மாற்ற இயலாத கணினிகள் பெருகிக்கொண்டே போகும். இத்தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கள ஊழியரின் திறமையைக் கொண்டு எத்தனை காலம்தான் இதற்கு ஒட்டுப்போட முடியும்?

அதுவரையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குச் செலவும் அதிகமில்லை. எந்தப் பதிப்பின் மூலப் பொதி, அதன் சரிபார்ப்புத் தொகை எது, எந்தக் கம்பைலரால், எவ்வெவ் விருப்பக்குறிகளோடு, எந்த அடைவில் ஆக்கப்பட்டது, இடையில் தோன்றிய பிழைச் செய்திகள் எவை என்பவற்றை நாளிட்டு எழுதிய குறிப்பேடு ஒன்று கணினியின் அருகே இருக்க வேண்டும். மூலப் பொதிகளின் பிரதிகளும் அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். வலையில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பலாகாது. இத்தகைய வேலையைச் செய்து முடித்தவர் வேறூருக்கு மாற்றப்படுவது நம் அலுவலகங்களில் இயல்பு. அவருக்குப்பின் வருபவர் முதல் நாள் காலையில் திறந்து பார்க்க வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான்.