காற்றுக்கு ஒரு சீப்பு



சென்ற இதழின் அட்டைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன உருவம்?" என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடற்பாறையில் செருகிய இரும்பு நகம்போல் இருக்கும் அந்தச் சிற்பம், ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டுக் கடற்கரை நகரமான சான் செபாஸ்தியானில் இருக்கிறது. அதன் பெயர் 'காற்றின் சீப்பு'. செய்தவர் எதுவார்தோ சில்லிதா. அது எதனுடைய உருவமும் அல்ல. ஆனால் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சில்லிதா 1924-இல் அதே ஊரில் பிறந்தவர். இளமையில் அவர் கால்பந்து கோல்கீப்பர். ரியல் சோசியேதாத் அணிக்கு ஆடினார். முழங்காலில் பட்ட அடி அந்த ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவிட்டது. கம்பங்களுக்கு நடுவே உள்ள வெளியைக் கணக்கிட்டு நிற்கும் கோல்கீப்பருக்குத் தேவையானதுதான் சிற்பிக்கும் தேவை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மத்ரிதில் கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். ஓவியம் பழகியபோது அவருடைய வலது கை தங்குதடையின்றி வரைந்தது. அதுவே அவருக்கு உறுத்தியது. மனம் யோசிப்பதற்கு முன்பே கை முடித்துவிடுகிறதே என்று இடது கைக்கு மாறிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. வராத கையால் வரைந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை அவர் விரும்பியே ஏற்றார்.

1948-இல் பாரிஸ். அங்கே பழைய கிரேக்கச் சிலைகளில் மயங்கி, சாந்தில் மனித உடல்களைச் செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நாளில் கை ஓடவில்லை. அந்த வெள்ளை ஒளி கிரேக்கத்துக்குரியது, தன்னுடையது அட்லாண்டிக் கரையின் மங்கிய ஒளி என்று புரிந்ததும், மனைவி பிலாரோடு ஊர் திரும்பினார். 1951-இல் எர்னானி என்ற சிற்றூரில் ஒரு கொல்லுப் பட்டறைக்குள் நுழைந்தார். பாஸ்க் நாடு பல நூற்றாண்டுகளாக இரும்பெடுத்து உருக்கிய மண். உலையும் சம்மட்டியும் கரி படிந்த இருட்டும் அவருக்குச் சொந்த வீடுபோல் இருந்தன. 'இலாரிக்' என்ற முதல் இரும்புச் சிற்பம் அந்த ஆண்டிலேயே பிறந்தது.

இரும்பைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, நுனியை விரல்களாகப் பிளப்பார். முடிந்த வடிவத்தை முன்கூட்டி வரைந்து வைத்துக்கொண்டு தொடங்கும் வழக்கம் அவருக்கில்லை. பழுத்த இரும்பு சில நிமிடங்களுக்குத்தான் சொன்னபடி கேட்கும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும், ஆறினால் மறுபடி உலைக்குள் வைக்க வேண்டும். 1958-இல் வெனிஸ் பியென்னாலே கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பெரிய பரிசு கிடைத்தது. வேலை பெருக, பட்டறை போதாமல், பெரிய எஃகு ஆலைகளில் தொழிலாளர் குழுவோடு நின்று டன் கணக்கான எஃகை வளைத்தார்.

அப்படி வந்தவைதான் 'காற்றின் சீப்பு' சிற்பத்தின் மூன்று துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 டன். சிறுவயதில் அலை பார்க்க வந்து நின்ற அதே பாறைகளில், 1977-இல் அவற்றைப் பொருத்தினார். அருகிலுள்ள கல்தளத்தை அமைத்தவர் கட்டடக்கலைஞர் லூயிஸ் பெஞ்ஞா காஞ்செகி. கடல் பொங்கும்போது அந்தத் தளத்தின் துளைகள் வழியே காற்றும் நீரும் பீறிட்டு எழும்.

2002-இல் சில்லிதா காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், எர்னானியில் பழைய பண்ணைவீடு ஒன்றைச் சுற்றிய புல்வெளியில் அவருடைய சிற்பங்கள் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. அங்கே எடுத்த படங்கள் இந்த இதழின் நடுப்பக்கங்களில் இருக்கின்றன. பார்க்கும்போது இரும்பை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு விரல்களுக்கு நடுவே அவர் விட்டுவைத்த இடைவெளியையும் கொஞ்ச நேரம் பாருங்கள். என்ன தோன்றியது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்