எருமைக் கொம்பைத் தைத்தவர் பெயர் என்ன?

கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டில் யூதத் தொழுகைக்கூடம் ஒன்று எழுந்தது. இன்று அது இல்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரியிலேயே சற்றுத் தள்ளியுள்ள பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப்பட்டு நிற்கிறது. கட்டடம் அழிந்தும் காலம் நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ அதைக் கல்லில் எழுதி வைத்ததுதான் காரணம். அந்தத் தொழுகைக்கூடம் இருக்கும் ஜூ டவுன் தெருவில் மாலை நடை போவது என் வழக்கம். அங்கே ஒரு கைவினைக் கடையில் அண்மையில் கண்ட காட்சியே இக்கட்டுரைக்கு வித்து.

கடையின் பக்கச் சுவரில் ஒரு காங்கேயம் காளையின் ஓவியம். அதன் அருகில், மரக்கொம்பில் விரித்துத் தொங்கிய ஒரு தோடர் போர்வை. இரண்டும் மந்தை வாழ்விலிருந்து பிறந்த கலைகள். ஓவியத்தின் வலது மூலையில் ஓவியரின் ஒப்பம் இருந்தது. விலை ஐந்து இலக்கம். போர்வையில் தொங்கிய அட்டையில் நீளம், அகலம், விலை. அவ்விலை ஓவியத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஓவியத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பொலிகாளைக்குத் திமிலிலும் முன்பின் உடற்பகுதிகளிலும் கருமை ஏறும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை மங்கிவிடும். கடையில் கண்ட காளைக்கோ மலைபோன்ற திமில், உடல் முழுதும் பால்வெண்மை. கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில், வெள்வேல மரத்தடியில் கொழுக்கட்டைப் புல் மேயும் மாட்டை ஒரு நாள் பார்த்திருந்தாலும் இந்தப் பிழை நேர்ந்திராது.

போர்வையில் அத்தகைய பிழைக்கு இடமில்லை. நீலகிரித் தோடர்களின் வாழ்வே எருமையைச் சுற்றி அமைந்தது. எருமைப் பாலைக் கடையும் பால்மனையே அவர்களுக்குக் கோயில். மரபுப்படி கறவையும் கடைசலும் ஆண்களுக்குரியவை. பெண்கள் அக்கோயிலுக்குள் நுழைவதில்லை. உள்ளே போக இயலாத அப்பெண்கள்தான், வெளியே அமர்ந்து, பிறைபோல் வளைந்த எருமைக் கொம்பைத் துணியில் ஏற்றினார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல். அச்சில்லை, வரைகோடில்லை, சட்டமில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி செல்கிறது. ஓர் இழை தவறினால் வரிசை முழுதும் கோணிவிடும். பூத்துக்குளி என்னும் அந்தப் போர்வையை இருப்பவரும் அணிவர். இறந்தவரையும் அதில்தான் போர்த்துவர்.

இவ்வளவு கணக்கும் நினைவும் கொண்ட வேலையை நாம் ‘கைவேலை’ என்கிறோம்; காளையை வரைந்தவரைக் ‘கலைஞர்’ என்கிறோம். மந்தையைப் பார்க்க வந்தவருக்குப் பெயர் உண்டு. மந்தையோடு வாழ்பவருக்கு இல்லை. இது முறையன்று என்பதே என் கருத்து.

தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. ஆனால் அக்குறியீடு காப்பது ஒரு சமூகத்தின் பெயரை. அதனுள் ஊசி பிடித்த ஒருத்தியின் பெயரை அன்று. இயந்திரத்தில் தைத்த போலிகள் சந்தைக்கு வரும்போது, ‘தோடர் வேலை’ என்ற பொதுப் பெயரைப் போலியும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். இன்ன மந்தில் வாழும் இன்னார் இத்தனை நாளில் தைத்தது என்று எழுதிய அட்டையைப் பொய்யாக்குவது அத்துணை எளிதன்று.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கொம்பும் கதிரவனும் நிலவும் எந்த ஒரு பெண்ணின் கற்பனையும் அல்ல, தலைமுறைகளின் பொதுச் சொத்து. அதில் ஒருத்தியின் பெயரைப் போட்டால் மற்றவர்களிடம் மனக்கசப்பு எழாதா என்று கேட்கிறார்கள். எழக்கூடும். ஆனால் ராகமும் பொதுச் சொத்துத்தான். பாடியவர் பெயரை நாம் மறைப்பதில்லையே!

மத்தியப் பிரதேசத்தின் பட்டன்கட் சிற்றூரில் பிறந்த கோண்டு இளைஞர் ஜன்கட் சிங் ஷ்யாம், வறுமையால் பள்ளியை விட்டு எருமை மேய்த்தவர். 1980-களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவனின் கலைக்கூடத்தை அமைத்துக்கொண்டிருந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அவரை அழைத்துத் தாளும் வண்ணமும் தந்தார். அவர் ‘கோண்டு கைவினைஞர்’ என்றல்லாமல் தம் சொந்தப் பெயரிலேயே அறியப்பட்டார்; 1989-இல் அவர் ஓவியங்கள் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதனால் மரபு குலைந்துவிடவில்லை. அவர் வழியில் வரையும் உறவினரும் ஊராரும் இன்று பலர். அந்தப் பாணிக்கே ‘ஜன்கட் கலம்’ என்று பெயர்.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு ஒப்பத்தின் மதிப்பைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. காசோலையில் ஓர் எழுத்துச் சுழி மாறினாலே திரும்பி வந்துவிடுகிறது. பெயரோடு விற்கும் பொருளின் வரவு, அப்பெயருக்குரிய கணக்கில் பதியும். ஆண்டு முழுதும் அவ்வாறு பதிந்த கணக்கேட்டோடு கடன் கேட்டு வரும் பெண்ணின் நிலை வேறு. இடைத்தரகர் கையில் தந்த பணத்தை வாய்மொழியாக மட்டும் சொல்லக்கூடியவரின் நிலை வேறு.

அவசரத்திற்கும் காரணம் உண்டு. நீலகிரியின் புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலையும் தைலமரமும் சீகை மரமுமாகிவிட்டது. மேய்ச்சல் சுருங்க, எருமைகளும் குறைந்துவிட்டன. எருமையோடு வளர்ந்த கை தைத்த கொம்பும், போர்வையைப் பார்த்துப் படி எடுத்த கொம்பும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் நாள் வரலாம்.

அன்று கடைக்காரரிடம், “இதைத் தைத்தவர் யார்?” என்று கேட்டேன். “ஊட்டிச் சரக்கு, சார்” என்றார். “அது ஊர். ஆள் யார்?” அவர் சிரித்தார், இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை என்றார். அடுத்த முறை சரக்கு அனுப்புபவரிடம் விசாரித்துச் சொல்வதாக ஒரு தாளில் குறித்துக்கொண்டார். போர்வையை வாங்கினேன். ரசீதில் கடையின் பெயர் இருந்தது, வரி எண் இருந்தது, வாங்கியவன் என்ற முறையில் என் பெயரும் இருந்தது. அட்டையின் பின்புறத்தில் ஒரு வரி எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன்.