நுரையீரலில் தழும்பு: மருந்தே எமன் ஆன கதை!

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மாதக்கணக்கில் வறட்டு இருமல் இருக்கிறதா?

"வயசாச்சு, அதான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் தழும்பு விழும் நோயாகவும் இருக்கலாம்.

நிற்காத கொத்தனார்

கையில் வெட்டுக்காயம் பட்டால் ஆறுகிறது. தழும்பு விழுகிறது. அதோடு சரி.

இந்த நோயில் அப்படி நிற்பதில்லை. நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் உள்ளன. அவற்றில் ஏற்படும் சின்னக் காயங்களை ஆற்ற வரும் செல்கள், காயம் ஆறிய பிறகும் நார் நாராகப் பூசிக்கொண்டே போகின்றன.

ஓட்டையை அடைக்க வந்த கொத்தனார், ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்ட மாதிரி! ரத்தத்துக்கு ஆக்சிஜன் போவது குறைகிறது.

இதில் காரணமே தெரியாமல் வரும் வகைதான் பொல்லாதது. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. சிகிச்சை இல்லாவிட்டால், கண்டுபிடித்த 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள்.

8 பேர் சாவு

"உள்ளே அழற்சி இருக்கிறது. அதை அடக்கினால் தழும்பு நிற்கும்" என்றுதான் டாக்டர்கள் பல ஆண்டுகள் நம்பினார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள்.

இது சரிதானா என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள்.

77 பேருக்கு ஸ்டீராய்டு உள்பட 3 மருந்துகள் கொடுக்கப்பட்டன. 78 பேருக்குக் கொடுத்தது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

பாதியில் கணக்குப் பார்த்தபோது அதிர்ச்சி! மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் இறந்தது ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அங்கே 23 பேர், இங்கே 7 பேர்.

2011 அக்டோபரில் அந்த 3 மருந்து சிகிச்சை நிறுத்தப்பட்டது.

எங்கே தப்பு?

குறி தப்பிவிட்டது. இந்த நோயில் முக்கிய வில்லன் அழற்சி அல்ல. கட்டுக்கு அடங்காமல் போன ரிப்பேர் வேலைதான்!

ஆராய்ச்சி அந்தப் பக்கம் திரும்பியது. தழும்பு வேலையைக் குறைக்கும் பிர்பெனிடோன், நின்டெடானிப் என்ற 2 மருந்துகளை அமெரிக்க அரசு 2014 அக்டோபரில் ஒரே நாளில் அனுமதித்தது. இந்தியக் கம்பெனிகளும் இவற்றைத் தயாரிக்கின்றன. 2025 அக்டோபரில் நெரான்டோமிலாஸ்ட் என்ற இன்னொரு மருந்தும் அங்கே அனுமதி பெற்றது.

ஆனால் ஒன்று. இவை நோயின் வேகத்தைத்தான் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது. போன நுரையீரல் போனதுதான்! அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

கவனியுங்கள்

வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும் வாரக்கணக்கில் நீடித்தால் நுரையீரல் டாக்டரிடம் போங்கள். முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தாலே பெரும்பாலும் 'சரசர' சத்தம் கேட்கும். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். ஆஸ்துமா வேறு, இது வேறு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் நல்ல மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் அதை நிறுத்தக்கூடாது. எந்த மருந்தானாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்!