சாம்பலுக்குக் கணக்கு இருக்கு. நம்ம கிணத்துக்குக் கணக்கு எங்கே?



"கரண்ட் வேணும்னா கொஞ்சம் சாம்பலையும் பொறுத்துத்தான் போகணும்" என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். கொஞ்சமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 15,000 டன் நிலக்கரி எரியும். அதில் சாம்பல் மட்டும் சுமார் 5,000 டன் வரும். 25 டன் லாரியில் ஏற்றினால் தினம் 200 லோடு!

காய்ந்த சாம்பலை சிமெண்ட் கம்பெனியும் சாம்பல் கல் போடுகிறவர்களும் எடுத்துப் போகிறார்கள். மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு விடுகிறார்கள். குட்டையின் அடியில் கசிவைத் தடுக்கும் விரிப்பு இல்லையென்றால் ஆர்சனிக், ஈயம் போன்ற விஷ உலோகங்கள் நிலத்தடி நீரில் இறங்கும். கோடைக் காற்றில் சாம்பல் பறந்து பயிர் மேலே படியும்.

வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் கசிந்து கொசஸ்தலை ஆறு கெட்டதும், குட்டையை ஒட்டிய செப்பாக்கம் மக்கள் பட்ட பாடும் நாடறிந்தது. மத்தியப் பிரதேசம் சிங்க்ரௌலி மாவட்டத்தில் 2020 ஏப்ரலில் சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை உடைந்து 6 உயிர் போனது. விளைநிலமெல்லாம் சாம்பல் சேறு.

சட்டம் இல்லையா? இருக்குங்க. 1999-லேயே மத்திய அரசு சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி அறிவிக்கை போட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை 100 சதவீதம் பயன்படுத்தச் சொல்கிறது. கெடுவுக்குள் பயன்படுத்தாத சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் கட்டணும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் பள்ளமான நிலத்தில் கொட்டக் கூடாது. மாதாமாதம் கணக்கும் காட்டணும்.

ஆனால் அந்த அபராதப் பணம் போவது வாரியத்தின் கணக்குக்கு. சாம்பலை அப்புறப்படுத்தவும் ஆராய்ச்சிக்கும்தான் அது. கிணறு கெட்டு, விளைச்சல் போய் நிற்கிற விவசாயி கையில் என்ன வரும்? பாதிப்பு நமக்கு, பணம் வேறு கணக்குக்கு. இது எந்த ஊர் நியாயம்?

எனவே நாம் கேட்பது:

1. எரித்த நிலக்கரி, வந்த சாம்பல், போன இடம் – இந்த மாதக் கணக்கைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

2. சாம்பல் குட்டையைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை வருடம் இருமுறை, ஊர் மக்கள் முன்னால் சோதனை செய்!

3. மழைக்காலத்துக்கு முன்பே கரையையும் குழாயையும் பழுது பார்!

4. அபராதப் பணத்தில் முதல் பங்கைப் பாதிக்கப்பட்ட விவசாயிக்குக் கொடு!

"இலவசமா மண்ணடிச்சு மேடாக்கித் தர்றோம்" என்று யாராவது லாரியோடு வந்தால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்க. காட்டலைன்னா லாரியைத் திருப்பி அனுப்புங்க. அடுத்த கிராம சபையில் இந்த நான்கையும் தீர்மானமாகப் போடுவோம். அந்த நகலோடு கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குத் திரண்டு போவோம். தனியாப் போனா மனு. ஊரோட போனா போராட்டம்!

மண்ணைக் காப்போம்! தண்ணீரைக் காப்போம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்